லோடு ஏற்றினால் மலையில் இழுக்காத பழைய பிக்கப்: பம்ப் கோளாறா, வேறு ஏதாவதா?

அடிவாரத்தான்:
வணக்கம். 2008 மாடல் டீசல் பிக்கப், 2.5 லிட்டர் டர்போ, காமன்ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும் புது முறை) இல்லை, பழைய மெக்கானிக்கல் பம்ப்தான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு மளிகை, சிமெண்ட் ஏற்றிப் போய், இறங்கும்போது வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றி வருவேன். அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் முன்பெல்லாம் இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் ஏறிவிடும், இப்போது பாதி மலைக்குள் முதல் கியருக்கு வந்துவிடுகிறது. சமதளத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏறத் தொடங்கும்போது நன்றாக இழுக்கும், அப்புறம் பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் ஏறாது. ஓரம் கட்டி அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் மறுபடி சில வளைவுகள் ஓடும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதுசு. பம்ப்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு நாசிலையும் கழற்றி சர்வீஸ் கொடுக்கச் சொல்கிறார்கள், 30,000 ரூபாயைத் தாண்டும் போலிருக்கிறது. கொடுத்துவிடலாமா?

நாலுசக்கரம்:
டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற ஹோஸைப் பாருங்கள் அண்ணா. கிளாம்ப் இருக்கிற இடத்தில் அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. என் வண்டியில் அதுதான்.

பழையபட்டறை:
தம்பி, புகை என்ன நிறம்? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அடிவாரத்தான்:
புகையே இல்லை அண்ணா. பின்னால் வந்த பையனிடமும் கேட்டுவிட்டேன், சைலன்சர் சுத்தம் என்கிறான்.

பழையபட்டறை:
அப்படியென்றால் டர்போ ஹோஸை இப்போதைக்கு விடு. ஹோஸ் வெடித்தாலோ ஏர் ஃபில்டர் அடைத்தாலோ காற்றுதான் குறையும், டீசல் வழக்கம்போல வரும், அது முழுக்க எரியாமல் கரும்புகையாகத் தள்ளும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டைமிங், நாசில், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். உனக்குப் புகையும் இல்லை, இழுவையும் இல்லை. இன்ஜினுக்குப் போதுமான டீசல் போய்ச் சேரவில்லை.

இனி எங்கே தடை என்று பார். நின்று கிளம்பினால் சரியாகிறது என்கிறாயே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். பம்ப் தேய்ந்திருந்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தேய்மானம் சரியாகிவிடாது, சூட்டில் இன்னும் மோசமாகத்தான் ஆகும். டேங்க்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். மலையில் முழு லோடில் இன்ஜின் டீசலை அதிகமாக இழுக்கும்போது அடியில் கிடக்கிற கசடெல்லாம் அந்தச் சல்லடையில் போய் ஒட்டும். அணைத்தால் உறிஞ்சல் நின்று கசடு கீழே உதிர்ந்துவிடும். சமதளத்தில் அவ்வளவு டீசல் தேவையில்லை, அதனால் தெரிவதில்லை.

அடுத்த முறை மலையில் திணறும்போது நிறுத்தி, ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்ப்பை அமுக்கிப் பார். அமுக்கியது மேலே வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஃபில்டருக்கு முன்னால் அடைப்பு. டேங்க் மூடியையும் திற, உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது.

நாலுசக்கரம்:
கிளட்ச் ஸ்லிப்?

பழையபட்டறை:
கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இவருக்கு இன்ஜினே ஏறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று வேண்டுமானால் பார்க்கலாம், நிறுத்தியதும் நாலு சக்கரப் பக்கமும் கையைக் கொண்டுபோனாலே எதில் அனல் அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

சந்தைவண்டி:
டீசலில் ஊற்றுகிற கிளீனர் பாட்டில் விற்கிறார்களே, அதை ஊற்றிப் பாருங்கள் ப்ரோ.

பழையபட்டறை:
கசடு இருக்கிற டேங்க்கில் அதை ஊற்றினால் ஒட்டியிருப்பதும் கிளம்பி வந்து புது ஃபில்டரையும் அடைக்கும். வேண்டாம்.

அடிவாரத்தான்:
அண்ணா, கைப்பம்ப் மேலே வரவே இல்லை! விரலை எடுத்த பிறகும் அமுங்கியபடியே இருந்து, மெதுவாகத்தான் எழுந்தது. மூடியைத் திறந்தேன், சத்தம் இல்லை.

பழையபட்டறை:
டேங்க்கை இறக்குவதற்கு முன் உறுதி செய்துகொள். ஒரு கேனில் டீசல் ஊற்றி, பானட்டுக்குள் டர்போ சூடு படாத பக்கமாக இறுக்கிக் கட்டு. ஃபில்டருக்கு வருகிற ஹோஸ், டேங்க்குக்குத் திரும்புகிற ஹோஸ் இரண்டையும் கேனில் விடு, ரிட்டர்னை விட்டுவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். டீசல் லைனில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு அதே லோடோடு சில வளைவு ஏறிப் பார். படிக்கிற மற்றவர்களுக்கு: காமன்ரெயில் வண்டியில் நாசில் பக்கத்து பைப்பை ஓடும்போது தளர்த்தாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அடிவாரத்தான்:
கேன் டீசலில், கோளாறு வருவதற்கு முன்பு ஏறிய மாதிரியே நன்றாக ஏறியது. டேங்க்கை இறக்கிவிட்டோம். சல்லடை முழுக்கக் கறுப்பாக அல்வா பதத்தில் ஏதோ அப்பியிருக்கிறது, தேய்த்தால் விரலில் வழுக்குகிறது, நடுவில் துருச் செதிள்கள். அடியில் தண்ணீரும் இருந்தது. நான் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிற ஆள், அதனாலா?

பழையபட்டறை:
அதுவும்தான். காலி இடத்தில் இருக்கிற ஈரக்காற்று ராத்திரியில் குளிர்ந்து தண்ணீராகிக் கீழே இறங்கும், டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் கிருமி வளர்ந்து இந்தக் கொழகொழப்பு வரும். ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் கழுவி முழுக்கக் காயவைத்து வாங்கு. ஓட்டை இருக்கிறது என்று வெல்டிங் வைக்கப் போனால், உள்ளே ஆவி போகக் கழுவாமல் பக்கத்தில் நெருப்பே கொண்டுபோக விடாதே. ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடு, டீசல் ஃபில்டரை மறுபடி புதுசு போடு. பம்ப், நாசில் அப்படியே இருக்கட்டும்.