“சமவாய்ப்பு”ன்னா என்ன டாக்டர்?

மதுரை அக்கா:
எனக்கு 2018ல் இடது மார்பில் ஆபரேஷன். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு, முடி திரும்ப வளர்ந்து, ஆஸ்பத்திரி பக்கமே போகக் கூடாதுன்னு இருந்தப்போதான் கூப்பிட்டாங்க. புது மருந்துச் சோதனைக்கு அனுமதி தர்ற நெறிமுறைக் குழுவில் உட்காரணுமாம். 2019 விதிகள்படி அந்தக் குழுவில் குறைஞ்சது 7 பேர். டாக்டர், வக்கீலோட சாதாரண ஆள் ஒருத்தரும் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் நான்.

முதல் கூட்டத்துல டீ குடிச்சேன், அவ்வளவுதான். ரெண்டாவதுல மார்பகப் புற்றுநோய் மருந்து ஒண்ணு வந்துச்சு. நோயாளி கையெழுத்துப் போடுற தமிழ்ப் படிவத்துல ஒரு வரி: “தாங்கள் சமவாய்ப்பு முறையில் இரு தொகுதிகளுள் ஒன்றிற்கு ஒதுக்கப்படுவீர்கள்.”

“சமவாய்ப்புன்னா எல்லாருக்கும் புது மருந்து கிடைக்கும்னுதானே படிக்கிறவங்க நினைப்பாங்க?”ன்னு கேட்டேன். ரூம்ல சத்தமே இல்ல. உண்மையில பாதிப் பேருக்குப் பழைய மருந்துதான்! “சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி, கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், டாக்டர் இல்லன்னு எழுதுங்க”ன்னேன். ஒரு டாக்டர், ஏதோ ஏலச்சீட்டு மாதிரி இருக்கேன்னு முகம் சுளிச்சார். இருந்துட்டுப் போகட்டும், புரியுதுல்ல? அப்புறம், எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிக்காதுங்கிறது 11ஆம் பக்கத்துல கிடந்துச்சு. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர ரெண்டு கூட்டம் ஆச்சு.

சேலம் பொண்ணு:
அக்கா, இதைப் படிச்சதும் அம்மா ஞாபகம். 1986. “கட்டியைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறோம்”னு கையெழுத்து வாங்கினாங்க. மயக்கம் தெளிஞ்சு பார்த்தா மார்பே இல்ல. மயக்கத்துல இருக்கும்போதே சோதிச்சு, புற்றுநோய்னதும் எடுத்துட்டாங்க. அம்மா கடைசி வரைக்கும் சொன்னது ஒண்ணுதான்: “எடுத்தது தப்பில்லடி, எழுப்பிக் கேட்டிருக்கலாம்.”

பின்னாடிதான் ரோஸ் குஷ்னர் பத்திப் படிச்சேன். அமெரிக்கப் பத்திரிகையாளர். 1974ல் அவங்களுக்குக் கட்டி வந்தப்போ, முதல்ல சோதனை மட்டும், மத்தது நான் முடிவு பண்ணின பிறகுன்னு அடம் பிடிச்சாங்க. அப்படிச் செய்ய ஒத்துக்கிற சர்ஜன் கிடைக்கவே அலைய வேண்டியிருந்துச்சு. 1979ல் அந்நாட்டு அரசு மருத்துவ ஆய்வு நிறுவனம் கூட்டின நிபுணர் குழுவில் அவங்களும் உட்கார்ந்தாங்க. சோதனை தனி, ஆபரேஷன் தனின்னு அந்தக் குழு பரிந்துரைச்சுது. அம்மா ஆபரேஷனுக்கு ஏழு வருஷம் முன்னாடி.

மதுரை அக்கா:
“எழுப்பிக் கேட்டிருக்கலாம்.” இதை அப்படியே அடுத்த கூட்டத்துல சொல்லட்டுமா? பேர் சொல்ல மாட்டேன்.

சேலம் பொண்ணு:
சொல்லுங்கக்கா.

தேனி:
நான் ஒரு மருந்துச் சோதனையில இருந்தவ. படிவமெல்லாம் நல்லாத்தான் விளக்கினாங்க, குறை சொல்ல மாட்டேன். பஸ் காசும் தந்தாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் கூட வரணும், அவருக்கு அன்னிக்குக் கூலி போச்சு. அந்தக் கணக்கை எந்தப் பக்கத்துலயும் காணோமே அக்கா?

மதுரை அக்கா:
கேட்டேன்மா. மருந்துக் கம்பெனிகிட்ட கேட்கணும்னு குறிச்சுக்கிட்டாங்க. மூணு மாசமாச்சு, பதில் இல்ல. செவ்வாய்க்கிழமை திரும்பக் கேட்கிறேன்.