கையை எடுத்ததும் ஹார்ட் டிஸ்க் ஓட ஆரம்பிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். கடையில் டிடிபி வேலைக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வேலை பார்க்கும்போது தொல்லை இல்லை. டீ குடிக்க எழுந்து போனால்தான் ஆரம்பிக்கும். கேபினட் விளக்கு அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம். வந்து மவுஸைத் தொட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பதற்குள் எல்லாம் பூஜ்ஜியம். வைரஸாக இருக்குமோ?

பதில் 1:
இந்தக் காலத்தில் 4 ஜிபி எந்த மூலைக்கு? இன்னொரு 4 ஜிபி போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2:
ரேம் பற்றவில்லை என்றால் ஃபோட்டோஷாப்பும் பிரவுசரும் சேர்ந்து திறந்திருக்கும்போதுதான் திணறும், ஆள் எழுந்து போன பிறகு அல்ல. எனக்கு இது விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு மாதிரிதான் தெரிகிறது. டிஃபண்டர் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு) ஸ்கேன், டிஃப்ராக் (டிஸ்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்குவது) எல்லாம் அதில் அடக்கம். அதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் நேரம் இரவு 2 மணி. அப்போது மெஷின் அணைந்திருந்தால், அடுத்து எப்போது சும்மா கிடக்கிறதோ அப்போது கிளம்பும். நீங்கள் மவுஸைத் தொட்டதும் பாதியில் நிற்கும், அடுத்த டீக்கு மறுபடியும் ஓடும். இரவில் மெயினை அணைத்துவிட்டுத்தானே போகிறீர்கள்?

உறுதி செய்ய, விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்துக்குப் போய் 'டோட்டல்' என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். திரை அணையாதபடி பவர் செட்டிங்கை மாற்றிவிட்டு எழுந்து போங்கள். வந்ததும் எதையும் தொடாமல் பாருங்கள். எந்த புரோகிராம் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று பெயரோடு இருக்கும்.

கேட்டவர்:
ஆமாம் அண்ணா, பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவோம். நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மேலே நிற்பது எம்எஸ்எம்பிஇஎன்ஜி. டி டிரைவில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்களை வரிசையாகப் படிக்கிறது.

பதில் 2:
அது டிஃபண்டர்தான், பயம் வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் பகுதிக்குப் போய், பராமரிப்பு நேரத்தை மதியம் 1 மணிக்கு மாற்றுங்கள். 'ஸ்டார்ட் மெயின்டனன்ஸ்' கொடுத்து, ஒருமுறையாவது முழுசாக ஓடவிடுங்கள். சர்வீஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டேன், இப்போது சத்தமே இல்லை. ஆனால் அந்த மென்பொருளில் மஞ்சளாக 'காஷன்' என்று வருகிறது. சி5 வரிசையில் 8 இருக்கிறது. அதையும் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி) ஓட்டிச் சரிசெய்துவிடலாமா?

பதில் 2:
இப்போதைக்கு வேண்டாம்! சி5 என்பது டிஸ்க் படிக்கத் திணறி ஒதுக்கிவைத்திருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்கின் சிறு பகுதிகளின், எண்ணிக்கை. செக்டிஸ்க் முழு டிஸ்கையும் அலசும்போது நலிந்த டிஸ்க் மொத்தமாகவே படுத்துவிடலாம். முதலில் வாடிக்கையாளர் ஃபைல்களை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கிப் போடுங்கள். பழைய மதர்போர்டில் முழு வேகம் வராமல் போகலாம், ஆனாலும் இந்த டிஸ்கோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை.

கேட்டவர்:
சரி அண்ணா, நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.