என்னைக் கேட்காமலே என் பேர்ல கட்டுரை, அதுல எடுக்காத மாதிரிகள். யார்கிட்ட சொல்றது?

காசிமேட்டுக்காரி:
வணக்கம். பிஎச்டி நாலாவது வருஷம். எண்ணூர் கழிமுகத்து நண்டு, மட்டியில ஈயமும் காட்மியமும் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்க்கிறதுதான் என் வேலை. போன வாரம் கூகுள் ஸ்காலர்ல என் பேருக்குக் கீழ புதுசா ஒரு கட்டுரை வந்து நிக்குது. முதல் பேர் என் கைடு, மூணாவது நான். அனுப்பினதும் தெரியாது, அக்செப்ட் ஆனதும் தெரியாது.

பேர் போட்டதைக்கூட விட்டுடுவேன். டேபிளைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. 2023 டிசம்பர் 4, 5 தேதியில போட்ல போய் ஆறு இடத்துல மாதிரி எடுத்தோம்னு எழுதியிருக்கு. மிக்ஜாம் புயல் நாளுங்க அது! எங்க காசிமேட்ல ஒரு ஃபைபர் போட்கூட இறங்கல. கொசஸ்தலை வெள்ளம் ஒரு பக்கம், மணலி பக்கத்துல இருந்து வந்த எண்ணெய் ஒரு பக்கம். அந்தத் தண்ணியில யார் இறங்கி மட்டி எடுத்தாங்க?

லேப் ரெஜிஸ்டர்ல அந்த மாசம் ஒரு வரி இல்ல. உலோகத்தை அளக்கிற ஏஏஎஸ் மெஷின் லாக் புக்லயும் எங்க லேப் கையெழுத்து கிடையாது. நவம்பர்ல நானே அளந்த நம்பரைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஆறு இடத்துலயும் ஈயம் சரியா 0.04 குறையுது. அளவுகள் எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டுற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மட்டும் அப்படியே நவம்பரோடது, ஒரு புள்ளி மாறல. உயிருள்ள நண்டு அப்படிக் கணக்கு வச்சுக் குறையாது.

மழைக்காலத்துல உலோகம் குறையுது, சாப்பிடலாம், பயமில்லைன்னு முடிச்சிருக்காங்க. நாளைக்கு யாராவது இதைக் கையில எடுத்துக்கிட்டு, குப்பத்து ஜனங்களுக்கு நஷ்டஈடு எதுக்குன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? கீழ என் பேரும் இருக்கே.

தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே ஆளு. எங்க போய்ச் சொல்றது?

வியாசர்பாடி_சீனியர்:
தங்கச்சி, கோபம் நியாயம். ஆனா இப்ப வாயைத் திறக்காத. வைவா முடியட்டும், சர்டிபிகேட் கையில வரட்டும், அப்புறம் எழுது. கைடைப் பகைச்சுக்கிட்டுப் பாதியில வெளிய போன பசங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஸ்டைபண்டும் நின்னு, வேற கைடும் சேர்த்துக்காம அலைஞ்சாங்க.

பெரம்பூர்_நூலகர்:
தம்பி சொல்வதில் உள்ள பயம் உண்மைதான். ஆனால் காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது அம்மா. அதே டிசம்பர் எண்கள் உங்கள் தீசிஸுக்குள்ளும் வரவேண்டும் என்று உங்கள் கைடு கேட்டால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பிறகு அது உங்கள் பொய்யும் ஆகிவிடும்.

ஒரு கல்லூரி நூலகத்தில் பல வருடம் சிமிலாரிட்டி ரிப்போர்ட் (மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அறிக்கை) எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிமுறை முக்கியமாகத் திருட்டு எழுத்துக்கானது. ஒத்துப்போகும் எழுத்து 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை ஏறும். இட்டுக்கட்டிய எண்ணை எந்த மென்பொருளும் சதவீதம் போட்டுக் காட்டாது. புதிதாகப் புனைந்ததுதானே, எதோடும் ஒத்துப்போகாது, ரிப்போர்ட் சுத்தமாக வரும். அமெரிக்காவில் புனைவு, திரிப்பு, திருட்டு மூன்றையும் ஒரே வரையறைக்குள் வைத்து, அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைக் கவனிக்க ஓஆர்ஐ என்று தனி அலுவலகமே வைத்திருக்கிறார்கள். இங்கே விசாரிக்க வேண்டியது அவரவர் நிறுவனம்தான். பஞ்சாப் பல்கலைக்கழகத்து வி.ஜே. குப்தாவை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். எங்கெங்கோ கிடைத்த புதைபடிவங்களை இமயமலையில் எடுத்ததாக எழுதி வந்தார். 1989இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலன்ட் நேச்சர் இதழில் அதை வெளிக்கொண்டுவந்தார். அப்படியும் குப்தா ஓய்வு பெறும்வரை வேலையில் இருந்தார்.

ஆனால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. நீங்கள் வெளியாள் இல்லை, கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். இறுதி வடிவத்துக்கு ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும் என்பது மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇயின் நெறிமுறை, பல ஆய்விதழ்கள் பின்பற்றுவது. "நான் ஒப்புதல் தரவில்லை" என்று நீங்களே இதழுக்கு எழுதலாம். ஆய்விதழ்களுக்கு வெளியீட்டு நெறிமுறை வகுக்கும் கோப் (COPE) அமைப்பில் இருக்கும் இதழ் என்றால் அவர்கள் முதலில் உங்கள் கைடிடம் விளக்கம் கேட்பார்கள், சரிவரவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதுவார்கள். மெதுவாகத்தான் நடக்கும்.

காட்டுக்குப்பம்:
அக்கா, அந்த வாரம் நாங்க எல்லாரும் இங்கதான் இருந்தோம். வலையெல்லாம் கருப்பு. போட் அடியில ஒட்டின எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகல. நண்டு பிடிச்சு வித்து வாழ்ற வீடுங்க வாரக்கணக்குல அடுப்புக்கு வழி இல்லாம இருந்துச்சு. அந்தத் தேதியில இங்க மாதிரி எடுத்தோம்னு ஒருத்தர் எழுதுறாருன்னா அது எங்களை மிதிக்கிற மாதிரி. கடலுக்குப் போகாதீங்கன்னு மீன்வளத்துறை எச்சரிக்கை வந்துச்சு, பேப்பர்லயும் போட்டாங்க. அதைத் தேடி எடுத்து வைங்க. சாட்சிக்கு ஆள் வேணும்னா எங்க ஊர்ல யாரைக் கூப்பிட்டாலும் வருவாங்க.

காசிமேட்டுக்காரி:
தம்பி, ரொம்ப நன்றி. எச்சரிக்கை நோட்டீஸ் என் மூளைக்கே எட்டல. சீனியர் அண்ணா, நீங்க என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க, புரியுது. ஆனா சர்டிபிகேட் வர்ற வரைக்கும் அந்தக் கட்டுரையை யார் யாரோ மேற்கோள் காட்டிட்டுப் போவாங்களே. என்னால இருக்க முடியல. நூலகர் ஐயா, இதழுக்கு எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மெயில்ல என்ன எழுதணும்?

பெரம்பூர்_நூலகர்:
மெயிலுக்கு முன் ஒரு வேலை. ரெஜிஸ்டர், லாக் புக் பக்கங்களைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். உங்கள் நவம்பர் மூலத் தரவை லேப் கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். மோசடி, ஏமாற்று போன்ற சொற்கள் மெயிலில் வேண்டாம். ஒப்புதல் தரவில்லை என்பது ஒரு பத்தி. புயல் தேதியும் எச்சரிக்கையும் ஒரு பத்தி. இரண்டு மாத டேபிளையும் அருகருகே வைத்து, 0.04 வித்தியாசத்தைக் காட்டி, மூலத் தரவைக் கேட்டுப் பார்க்கும்படி ஒரு வேண்டுகோள். அவ்வளவு போதும்.

கல்லூரி மெயிலில் இருந்து அனுப்பாதீர்கள், சொந்த மெயிலில் இருந்து அனுப்புங்கள். உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியில் நீங்கள் நம்பும் ஒருவர் இருந்தால் முந்தின நாளே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். கைடு மாற்றம் கேட்க நேர்ந்தால் அவர் துணை தேவைப்படும். கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ எண்ணைத் தலைப்பு வரியிலேயே போடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் மெயில் எங்காவது கிடப்பில் போய்விடும்.