சைல்ட்ஹுட், லைவ்லிஹுட்: ‘ஹுட்’ விகுதியின் பொருளும் பிறப்பும் என்ன?

வினா:
வணக்கம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்லாக்கம் நடத்திக்கொண்டிருக்கிறேன். சைல்ட்ஹுட், மதர்ஹுட், பிரதர்ஹுட் ஆகியவற்றின் ஈற்றில் நிற்கும் ‘ஹுட்’, தலையை மூடும் முக்காட்டைக் குறிக்கும் சொல்தானா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அது சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும், ‘லைவ்லி’ என்பது துடிப்பைக் குறிக்கையில் ‘லைவ்லிஹுட்’ மட்டும் எவ்வாறு பிழைப்பைக் குறிக்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானதே. இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் முக்காட்டுக்கு ‘ஹோட்’ என்று பெயர். விகுதியாக வருவதோ ‘ஹாட்’. இந்த ‘ஹாட்’ அக்காலத்தில் ஆள், தகுதி, நிலை, குருப்பட்டம் ஆகிய பொருள்களில் தனித்தே வழங்கிய பெயர்ச்சொல். பிற்காலத்தில் தனிவழக்கு ஒழிந்து, விகுதியாக மட்டும் நிலைத்துவிட்டது. ஜெர்மன் மொழியில் குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் ‘கிண்ட்ஹைட்’ என்னும் சொல்லின் ‘ஹைட்’ இதற்கு உடன்பிறப்பு. ஒளி, அடையாளம் என்னும் பொருளுடையதும், நாம் நவக்கிரகங்களுள் ஒன்றின் பெயராக அறிந்ததுமான சம்ஸ்கிருதக் ‘கேது’வையும் இதே வேரோடு சொற்பிறப்பறிஞர்கள் இணைக்கின்றனர்.

வகுப்பில், வீரப்பட்டத்தைக் குறிக்கும் ‘நைட்ஹுட்’ என்னும் சொல்லை அவசியம் எடுத்துக்காட்டுங்கள். ‘நைட்’ என்பதன் பழைய வடிவமான ‘க்னிஹ்ட்’ முதலில் சிறுவனையே குறித்ததால், ‘க்னிஹ்ட்ஹாட்’ என்பதற்கு இளமைப் பருவம் என்றே பொருள் இருந்தது. சிறுவன் பணியாளனாகி, பணியாளன் போர்வீரனான பிறகே அது வீரப்பட்டத்தைக் குறிக்கலாயிற்று. அடிச்சொல்லின் பொருள் எவ்வளவு மாறினாலும், ‘இன்னாராக இருக்கும் நிலை’ என்னும் விகுதிப் பொருள் மாறாமல் நின்றதை மாணவர்கள் இதில் தெளிவாகக் காணலாம்.

மறுமொழி 2:
லைவ்லிஹுட் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் இந்த விகுதி பிறப்பால் இல்லை. பழைய வடிவம் ‘லீஃப்லாட்’. ‘லீஃப்’ வாழ்வு, ‘லாட்’ வழி. வாழ்வு நடக்கும் வழி என்பதிலிருந்து பிழைப்பு என்னும் பொருள் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘லைவ்லோட்’ என வழங்கிய அச்சொல்லை, 16ஆம் நூற்றாண்டளவில் ‘லைவ்லி’, ‘ஹுட்’ என்னும் பழகிய வடிவங்களுக்கு ஒப்ப மக்கள் மாற்றிக்கொண்டனர். வழிகாட்டும் விண்மீனைக் குறிக்கும் ‘லோட்ஸ்டார்’ என்பதில் அந்தப் பழைய ‘லாட்’ இன்றும் இருக்கிறது.

வினா கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இறைத்தன்மையைக் குறிக்கும் ‘காட்ஹெட்’ என்பதில் வருவது தலையா?

மறுமொழி 1:
இல்லை, அதுவும் இதே விகுதிதான். இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஹேட்’ என்றொரு மாற்று வடிவம் இருந்தது, அதுவே ‘ஹெட்’ ஆயிற்று. ஆனால் தேம்ஸ் கரையிலுள்ள மெய்டன்ஹெட் நகரின் பெயரை இதில் சேர்த்துவிடாதீர்கள்; அதன் ஈறு படகுத்துறையைக் குறிக்கும் ‘ஹைத்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது.