பயாலஜி படிக்கப் போறேன், அமெரிக்க காலேஜுக்கு ஆர்ட் போர்ட்ஃபோலியோ அனுப்பலாமா?

பொன்வண்டு:
சென்னைல ப்ளஸ் டூ படிக்கிறேன், இந்த வருஷம் அமெரிக்க காலேஜுக்கெல்லாம் அப்ளை பண்றேன், மேஜர், அதாவது முக்கியப் பாடம், பயாலஜி. ஆனா ஆறாவதுலேந்து வரைஞ்சுட்டே இருக்கேன். கைல இருக்கறது: தஞ்சாவூர் பெயிண்டிங் ரெண்டு (கிளாஸ்ல பண்ணது), ஒரு நடிகரோட பென்சில் போர்ட்ரெய்ட் (ஸ்கூல்ல முதல் பரிசு), அப்புறம் மூணு நோட்டு நிறைய பூச்சி. மேஜர் ஆர்ட் இல்லையே, எதுக்கு வீண் வேலைங்கறார் அப்பா. இதையெல்லாம் தொகுத்து போர்ட்ஃபோலியோவா அனுப்பலாமா வேண்டாமா, யாராவது அனுப்பினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கடற்கரை ஸ்டேஷன்:
நான் அனுப்பினேன்மா, இப்ப இங்க அமெரிக்கால கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம். அதனாலதான் சீட் கிடைச்சுதான்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது, யாருக்கும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ, நிறைய காலேஜ்ல இதை அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கவங்க மட்டும் பாக்கறதில்ல, ஆர்ட் டிபார்ட்மென்ட் ப்ரொஃபசர்கிட்ட போகும், அவங்க கருத்து எழுதி அனுப்புவாங்க. அந்த ப்ரொஃபசர் தினமும் நல்ல படமா பாக்கற ஆளு, சுமாரா இருந்தா உடனே தெரிஞ்சுடும். அதனால நல்லா இருந்தா மட்டும் அனுப்பு.

நடிகர் படத்தை எடுத்துடு. பரிசு வாங்கினது சந்தோஷம்தான், ஆனா அது ஒரு ஃபோட்டோவைப் பாத்து அப்படியே வரைஞ்சது, அதுல நீ என்ன பாத்தேன்னு தெரியாது. தஞ்சாவூர் பெயிண்டிங்ல ட்ரேஸ் யாரு போட்டாங்க, மக்குப் பசை வச்சு தங்க ஃபாயில் ஒட்டும்போது மிஸ் கை எவ்வளவுன்னு நீயே யோசி. பூச்சி நோட்டைப் பத்தி இன்னும் சொல்லு.

பொன்வண்டு:
அக்கா ட்ரேஸ் மிஸ்ஸோடதுதான் 😔 நோட்டுல எல்லாம் நேர்ல பாத்து வரைஞ்சது. கும்பிடுபூச்சியோட முன்கால் மட்டும் ஒரு பக்கத்துல பதினோரு தடவை இருக்கு, முள்ளு எந்தப் பக்கம் மடங்குதுன்னு புரியற வரைக்கும் வரைஞ்சேன். பொன்வண்டுக்கு வாட்டர்கலர்ல அந்தப் பச்சை வரவே இல்ல, அப்புறம்தான் படிச்சேன் அது சாயமே இல்லையாம், ஓட்டுல இருக்கற மெல்லிசான அடுக்குல வெளிச்சம் பட்டு வர்ற நிறமாம். அதனால கருப்பு பூசி அது மேல அடுக்கடுக்கா மெல்லிசா கலர் பூசி பாத்தேன், ஓரளவு வந்துச்சு.

கடற்கரை ஸ்டேஷன்:
ஐயோ இதை வச்சுக்கிட்டா அனுப்பலாமான்னு கேக்கறே! இப்ப எழுதினதையே சுருக்கி படத்துக்குக் கீழ போடு. சரியா வராத பொன்வண்டையும் சேத்து வை.

நவம்பர் பதற்றம்:
குறுக்க வர்றேன். எல்லா காலேஜும் வாங்காது, லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் வெப்சைட்ல பாத்துக்கோங்க. எம்ஐடி மாதிரி இடத்துல எந்த மேஜரா இருந்தாலும் அனுப்பலாம், அங்க காமன் ஆப் (நிறைய காலேஜுக்குப் பொதுவான ஒரே அப்ளிகேஷன்) கிடையாது, அவங்களோட சொந்த அப்ளிகேஷன். கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி, அதான் பெர்க்லி யுசிஎல்ஏ எல்லாம், பயாலஜிக்கு அப்ளை பண்ற ஆள்கிட்ட போர்ட்ஃபோலியோ வாங்க மாட்டாங்க. ஆனா அங்க எட்டு கேள்வில நாலுக்கு பதில் எழுதணும், ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள, அதுல ஒண்ணு உன் படைப்புத்திறன் பத்தினதுதான், கும்பிடுபூச்சி கால் அங்க போகட்டும். காமன் ஆப்ல ஒவ்வொரு ஆக்டிவிட்டியையும் விவரிக்க 150 கேரக்டர்தான், இடைவெளியும் சேத்து, அதுக்குள்ள இதெல்லாம் அடங்காது.

நிறைய காலேஜ் ஸ்லைட்ரூம்ங்கற போர்ட்ஃபோலியோ அப்லோட் பண்ற வெப்சைட் வழியாதான் வாங்கறாங்க, தனியா அக்கவுன்ட் போடணும், பல இடத்துல சின்னதா ஒரு ஃபீஸும் உண்டு. முக்கியமா கடைசி தேதி. அப்ளிகேஷனுக்கும் போர்ட்ஃபோலியோவுக்கும் ஒரே தேதின்னு நினைச்சுடாதீங்க, சில இடத்துல முன்னாடியே மூடிடுவாங்க. என் தம்பிக்கு அப்படித்தான் போச்சு, ரெண்டு மாசம் உக்காந்து பண்ணினான், உள்ள போய் பாத்தா முந்தின நாளே முடிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு அவன் சாப்பிடவே இல்ல.

மொட்டைமாடி:
ஃபோட்டோ எடுக்கறதைப் பத்தி யாரும் சொல்லலையே. ட்யூப்லைட்ல எடுக்காதம்மா, பேப்பரோட நிறம் மாறி விழும். காலைல எட்டு மணிவாக்குல மாடில நிழல் விழற பக்கம் வெள்ளை வேட்டிய விரிச்சு, நோட்டை வச்சு, நேர் மேலேந்து எடு, ஃப்ளாஷ் வேண்டாம். சாய்ச்சு எடுத்தா பக்கம் ஒரு பக்கம் குறுகிடும். பென்சில் கோடு தெரியற மாதிரி க்ளோசப் ஒண்ணு கட்டாயம் வை.

பொன்வண்டு:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அப்பாகிட்ட நோட்டைக் காட்டினேன், இத்தனை நாள் அவர் இதைப் பாத்ததே இல்ல, கும்பிடுபூச்சி பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டார். நாளைக்குக் காலைல மாடிக்கு அவரும் வர்றாராம். தேதியெல்லாம் இன்னிக்கு ராத்திரியே எழுதி வச்சுடறேன்.