வேலையை விட்டுச் சொந்தமாகக் கோச்சிங் தொடங்க உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். 14 ஆண்டுகளாக ஒரு பெருநிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணியாற்றிவரும் நான், அவ்வேலையிலிருந்து விலகி, புதிதாக மேலாளர் பொறுப்பேற்பவர்களுக்கான கோச்சிங் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க எண்ணியுள்ளேன். இது தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பு அன்று. ஒருவர் தம் சிக்கலைத் தாமே தெளிவாகக் காணும்படி கேள்விகளால் துணைநிற்கும் பணி.

கோச்சிங் பணிக்கான பன்னாட்டு அமைப்பாகிய ஐசிஎஃப் (International Coaching Federation) வழங்கும் தொடக்கநிலைச் சான்றிதழான ஏசிசிக்கு (Associate Certified Coach) 60 மணி நேரப் பயிற்சியுடன் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அதில் 75 மணி நேரமாவது கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். பயிற்சியை முடித்துவிட்டேன். அனுபவமோ இதுவரை 22 மணி நேரம்தான், அதிலும் பெரும்பகுதி நண்பர்களுக்கு இலவசமாகச் செய்தது. அறிமுகமானவர்களிடம் பணம் கேட்க எனக்கு நா எழுவதில்லை என்பதே உண்மையான தடை.

இப்பாதையில் முன்சென்றவர்கள், கட்டணம் தந்த முதல் சில வாடிக்கையாளர்களை எவ்வாறு அடைந்தீர்கள், அமர்வுக்கு இவ்வளவு என்று வாங்கினீர்களா அல்லது சில மாதங்களுக்குச் சேர்த்து வாங்கினீர்களா என்பதைச் சொல்ல வேண்டுகிறேன். எத்தனை மாதச் செலவுக்கான சேமிப்புடன் வேலையை விட்டீர்கள் என்பதும், பழைய சக ஊழியர்களை வாடிக்கையாளராக ஏற்கும்போது பணி ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் குறுக்கிட்டனவா என்பதும் தெரிந்தால், பதவி விலகல் கடிதத்தை எப்போது கொடுப்பது என நான் முடிவுசெய்ய இயலும்.