‘ரூ’ என்பதற்குக் கலைச்சொல்: நெய்ம்மாவா, நெய்வறுமாவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சமையற்கலைப் பட்டயப் படிப்புக்கான பாடநூலின் மெய்ப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். வெண்ணெயில் மாவை வறுத்துச் செய்வதும் சாஸ் வகைகளுக்கு அடித்தளமானதுமான ‘ரூ’ (roux) என்பதற்குரிய தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் தீரவில்லை. அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பொருட்பட்டியலில் ‘ரூ 120’ என்று வந்தால் மாணவர் அதை ரூபாய் என்றே படிப்பார். ரகரம் மொழிமுதல் வாராது என்று ‘உரூ’ ஆக்கினாலோ அது உருவமாகிவிடுகிறது.

பிரெஞ்சில் அச்சொல் செம்பழுப்பு நிறத்தைக் குறிப்பதால் ‘செம்மா’ என்று ஐயா பரிந்துரைத்தது அழகானதுதான். ஆனால் பால் ஊற்றிச் செய்யும் பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸுக்கு உரியது, பச்சை வாசனை போனதும் நிறம் மாறுமுன் இறக்கப்படும் வெள்ளை வகை; அதை ‘வெண்செம்மா’ என்றெழுத எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அந்த முரணோடு வாழ்கிறார்கள் என்பதற்காக நாமும் அதைப் புதிதாக வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெரும்பாலோர் ஆதரிக்கும் ‘நெய்ம்மா’வில் புணர்ச்சிக் குறை இல்லை, மெய்ஞ்ஞானம் போல மெல்லினம் மிகுந்திருக்கிறது. எண்ணெயே எள்+நெய் ஆகையால், நெய் என்ற சொல் சமையற் கொழுப்பு எதையும் தாங்கும். என் தடை வேறு. வெண்ணெயையும் மாவையும் அடுப்பில் ஏற்றாமலே பிசைந்து, கொதிக்கும் சாஸில் கடைசியாகச் சேர்க்கும் கலவை ஒன்று உண்டு, அதுவும் நெய்ம்மாதானே? ரூவை அதிலிருந்து பிரிப்பது வறுத்தல். சம எடை வெண்ணெயும் மைதாவும் சிறுதீயில் சேரும்போது துகள் ஒவ்வொன்றின்மீதும் கொழுப்பு படிந்துவிடுவதால்தான், பிறகு சிறிது சிறிதாக ஊற்றும் பாலில் மாவு கட்டி தட்டுவதில்லை. நுரைத்துக் குமிழிடும் அக்கலவை இரண்டு மூன்று நிமிடத்தில் பச்சை வாசனையை விடும். மேலும் கிளறினால் பொன்னிறமாகும், பிறகு பழுப்பாகும். நிறம் ஏற ஏற மாவுச்சத்து சிதைந்து கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறைவதால், ஒரு லிட்டர் பாலுக்கு 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதா என்ற கணக்கு வெள்ளை வகைக்கே பொருந்தும்; பழுப்பு வகையில் இன்னும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இத்தனையையும் தீர்மானிக்கும் வினை சொல்லில் இல்லாதிருப்பது சரியன்று.

‘வறுமா’ என்ற வினைத்தொகை ஊறுகாய் போலக் கச்சிதமானது. ஆயினும் வகுப்பில் சொல்லும்போது ‘வருமா’ என்று காதில் விழும். வெறுஞ்சட்டியில் வறுத்த மாவையும் குறித்துவிடும். ஆகவே ‘நெய்வறுமா’வை முன்மொழிகிறேன். வெள்ளை, பொன், பழுப்பு என்ற அடைமொழிகள் முன்னே நிற்கட்டும். வியாழன் மாலைக்குள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

மறுமொழி:

அம்மா, தங்கள் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் அடுப்படியில் ஒரு கை கிளற மறு கை பால் ஊற்றும் நேரத்தில், ஆசிரியர் ‘பழுப்பு நெய்வறுமா’ என்று அழைக்கப்போவதில்லை. அன்றாடம் செய்வதற்கு ‘நெய்ம்மா’ என்றும், எப்போதாவது பிசைவதற்குப் ‘பச்சை நெய்ம்மா’ என்றும் வைத்தாலே குழப்பம் தீரும். நால்வர் தங்கள் பக்கம் இருப்பதால் பாடத்தில் நெய்வறுமாவே போகட்டும். என் மாற்றுக் கருத்தைக் கலைச்சொற் பட்டியலின் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.